ஐந்து நிமிட ரயில், ஒரு மணி நேரக் கப்பல்: சிங்கப்பூரிலிருந்து ஜோகூருக்கும் பாத்தாமுக்கும் போய்வந்த கதை

ரயில் ஜேபி சென்ட்ரலில், அதாவது மலேசியாவின் ஜோகூர் பாரு நிலையத்தில், நின்றுவிட்டது. அம்மா கைப்பையை மடியில் சரியாக வைத்துக்கூட முடிக்கவில்லை.

"என்னடா இது, உட்கார்றதுக்குள்ள இறங்கச் சொல்றாங்க? மாயவரத்துல கேட் போட்டாங்கன்னா இதைவிட நேரம் நிக்கணுமேடா."

ரயிலில் வெளிநாட்டுப் பயணம் என்று சொன்னதும், வழிக்குப் புளியோதரை கட்டிக்கொள்ளட்டுமா என்று முந்தின நாள் இரவே கேட்டவர் அவர். சிங்கப்பூரின் உட்லண்ட்ஸிலிருந்து ஜோகூர் பாருவுக்கு (சுருக்கமாக ஜேபி) ஓடும் 'ஷட்டல் தெப்ராவ்' ரயிலின் பயண நேரம் ஐந்தே நிமிடம். புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிக்கவே அந்த நேரம் போதாது.

சிங்கப்பூரில் யீஷூனில் குடியிருக்கிறேன், ஷிப்யார்டு வேலை. ஊரிலிருந்து யாராவது வந்தால் மரினா பே, சாங்கி, தேக்கா எல்லாம் நான்கு நாளில் முடிந்துவிடும். ஐந்தாம் நாள் "வேற என்ன இருக்கு?" என்பார்கள். அந்தக் கேள்விக்கு எங்கள் வீட்டில் இரண்டு பதில்கள்தான். ரயிலில் ஜேபி, கப்பலில் பாத்தாம். இரண்டிலும் போயிருக்கிறேன், இரண்டிலும் பட்டிருக்கிறேன். யார் எதற்குப் போகலாம் என்பதை என் அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

முதலில் ரயில். இதை நடத்துவது மலேசிய ரயில்வேயான கேடிஎம். ஒரு காலத்தில் மலேசிய ரயில்கள் சிங்கப்பூரின் நடுவே ஓடி தஞ்சோங் பகார் வரை வந்தன. அந்த நிலையத்திலிருந்து கடைசி ரயில் கிளம்பியது 2011 ஜூன் 30 இரவு. அதை ஓட்டிப் போனவர் ஜோகூர் சுல்தான். நிஜமாகவே என்ஜினில் ஏறி ஓட்டினார். மறுநாளிலிருந்து எல்லைக்கு இந்தப் பக்கம் மிச்சம் இருப்பது உட்லண்ட்ஸ் ரயில் சோதனைச்சாவடி மட்டும்தான். 2015இல் இந்தக் குட்டி ரயிலை விட்டார்கள். கொரோனாவில் நின்று, 2022 ஜூனில் மறுபடி ஓடத் தொடங்கியது.

கட்டணம் ஒரு வேடிக்கை. இங்கிருந்து அங்கே போக 5 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். அங்கிருந்து இங்கே வர 5 மலேசிய ரிங்கிட். எண் ஒன்றுதான், பணம்தான் வேறு. ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கும்போது, திரும்பி வருவதற்கு ஆகும் செலவு ஒன்றரை வெள்ளியைச் சுற்றித்தான். போக வர ஏழு வெள்ளிக்குள் முடிந்துவிடுகிறது. இங்கே கடைத்தொகுதியில் ஒரு சாப்பாட்டுக்கே அதற்கு மேல் கொடுக்கிறோம்.

விலை இவ்வளவு குறைவு என்பதால் டிக்கெட் சுலபமாகக் கிடைக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். சனி, ஞாயிறு, பள்ளி விடுமுறை, தீபாவளிக்கு முந்தின வாரம் என்றால் நல்ல நேரத்து ரயில்கள் எல்லாம் பல வாரங்களுக்கு முன்பே நிரம்பிவிடும். டிக்கெட் கேடிஎம்-இன் இணையதளத்திலும் செயலியிலும் கிடைக்கிறது. ஒவ்வொருவருக்கும் பாஸ்போர்ட் எண், அது காலாவதியாகும் தேதி எல்லாம் கொடுக்க வேண்டும். அம்மாவின் பாஸ்போர்ட்டைப் படம் எடுத்து போனில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். பாதியில் எழுந்துபோய்ப் பீரோவைத் திறந்து தேடிவிட்டு வருவதற்குள் இடம் போயிருக்கும்.

எனக்கு நேர்ந்ததையும் சொல்லிவிடுகிறேன். முதல் தடவை நானும் மனைவியும் ஒரு சனிக்கிழமை போனோம். காலை ரயிலில் எப்படியோ இரண்டு இடம் கிடைத்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில், திரும்புவதற்கு அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். ஜேபியில் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, ஏப்பம் விட்டபடி செயலியைத் திறந்தால், அன்று இரவு கடைசி ரயில் வரை ஓர் இடம் இல்லை. மலேசியக் குடிநுழைவை (இமிகிரேஷன்) தாண்டி, பஸ்ஸுக்கு வரிசையில் நின்று, இரண்டு நாட்டையும் இணைக்கும் கடற்பாலத்தில் பஸ் ஊர்ந்து, இந்தப் பக்கம் வந்து மறுபடி வரிசையில் நின்று வீடு வந்து சேர மூன்றே கால் மணி நேரம். கடற்பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டர்தான். பஸ் நின்ற இடத்திலிருந்து பக்கத்துத் தண்டவாளத்தில் ஒரு ரயில் எங்களைத் தாண்டிப் போனதைப் பார்த்தேன். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாததுதான் கஷ்டம்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரே விதி. திரும்பி வரும் டிக்கெட்டைத்தான் முதலில் எடுப்போம். அது கிடைத்தால்தான் பயணம். போவதற்கு ரயில் கிடைக்காவிட்டால் பஸ்ஸில் போய்க்கொள்ளலாம். காலையில் எதிர்த்திசையில்தான் கூட்டம். ஜோகூரில் குடியிருந்து சிங்கப்பூரில் வேலை பார்ப்பவர்கள் விடியற்காலையில் இந்தப் பக்கம் வருகிறார்கள், நாம் அந்தப் பக்கம் போகிறோம். ரயில் அட்டவணையைப் பார்த்தாலே அது யாருக்காகப் போட்டது என்று புரியும். ஜேபியிலிருந்து காலை 5 மணிக்கே முதல் ரயில், அரை மணிக்கு ஒன்று வீதம் விடுகிறார்கள். உட்லண்ட்ஸிலிருந்து முதல் ரயில் 8.30க்குத்தான். நம்மைப் போன்ற ஊர்சுற்றிகள், அந்த ரயில் காலியாகத் திரும்பும்போது ஏறிக்கொள்கிறவர்கள், அவ்வளவுதான்.

சரி, அம்மாவோடு போன கதைக்கு வருகிறேன். 2025இல், ஒரு புதன்கிழமை. லீவு போட்டுவிட்டுப் போனேன், அதில் கஞ்சத்தனம் வேண்டாம். ஜோகூரில் முன்பு வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறை. 2025 ஜனவரி முதல் அவர்களும் சனி ஞாயிறுக்கு மாறிவிட்டார்கள். ஆக இரண்டு ஊர்க் கூட்டமும் இப்போது ஒரே நாளில்தான். செவ்வாய், புதன் போன்ற நாட்கள்தான் நமக்குச் சரி.

சிங்கப்பூர் மெட்ரோவான எம்ஆர்டியில் போய் உட்லண்ட்ஸ் நிலையத்தில் இறங்கினால் ரயிலைப் பிடித்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். ரயில் சோதனைச்சாவடி வேறு இடம். நாங்கள் அடுத்த நிலையமான மார்சிலிங்கில் இறங்கினோம். நான் தனியாகப் போனால் அங்கிருந்து இருபது நிமிடம் நடப்பேன். அம்மாவின் முழங்காலுக்காக டாக்ஸி எடுத்தோம். ரயில் நேரத்துக்கு அரை மணி முன்னதாக இருந்தால் நிம்மதி. புறப்படும் நேரத்துக்கு முன்பே கதவைச் சாத்திவிடுவார்கள். சாத்தினால் சாத்தினதுதான்.

இந்த ரயிலில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்: இரண்டு நாட்டுக் குடிநுழைவும் உட்லண்ட்ஸிலேயே முடிந்துவிடுகிறது. சிங்கப்பூர் அதிகாரியைத் தாண்டி பத்து எட்டு வைத்தால் மலேசிய அதிகாரி. அம்மாவுக்கு அது புரியவே இல்லை. "இன்னும் ரயிலே ஏறலை, மலேசியாக்காரன் முத்திரை போட்டுட்டானே?" ஜேபியில் இறங்கியதும் நேராக வெளியே நடக்கலாம். நிற்க வேண்டாம், யாரும் எதுவும் கேட்பதில்லை. வரும்போது மட்டும் மலேசியாவை விட்டுக் கிளம்பும் சோதனை ஜேபியிலும் சிங்கப்பூர்ச் சோதனை உட்லண்ட்ஸிலும் நடக்கும்.

ஊரிலிருந்து வருகிறவர்களை அழைத்துப் போவதானால் காகித வேலை கொஞ்சம் இருக்கிறது. இந்திய பாஸ்போர்ட்டுக்கு 2023 டிசம்பர் முதல் மலேசியா முப்பது நாள் வரை விசா கேட்பதில்லை. இந்தச் சலுகையை 2026 டிசம்பர் கடைசி வரை நீட்டித்திருக்கிறார்கள். ஆனால் அவர்களுடைய டிஜிட்டல் வருகை அட்டையைப் போவதற்கு மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். அப்புறம், திரும்பி சிங்கப்பூருக்குள் வருவது அம்மாவுக்கு இன்னொரு முறை நாட்டுக்குள் நுழைவதுதான். அதனால் சிங்கப்பூர் விசா பல தடவை நுழைவதற்கானதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர் வருகை அட்டையையும் மறுபடி நிரப்ப வேண்டும். இரண்டு அட்டையும் இலவசம். பணம் கேட்கிற இணையதளம் எது வந்தாலும் மூடிவிடுங்கள்.

ரயிலைப் பற்றிச் சொல்ல ஐந்து நிமிடத்தில் என்ன இருக்கிறது என்றால், இருக்கிறது. டீசல் என்ஜின் இழுக்கும் பெட்டிகள். ஏசி உண்டு, இருக்கை சுமார். போகும்போது கடற்பாலத்தின் சாலைப் பக்கம் உட்கார்ந்தால் பஸ்ஸில், காரில் அடைந்து கிடப்பவர்களைப் பார்த்துக்கொண்டே போகலாம். அற்ப சந்தோஷம்தான், ஆனால் மூன்றே கால் மணி நேரம் அந்தப் பக்கத்தில் இருந்தவன் நான். தண்ணீரை ஒட்டிப் பருமனான குழாய்கள் கூடவே வருகின்றன. அம்மா அதைத்தான் முதலில் கவனித்தார்.

"அது என்னடா குழாய்?"

"தண்ணிம்மா. ஜோகூர்லேர்ந்து சிங்கப்பூருக்கு. 1962ல போட்ட ஒப்பந்தம், இன்னும் ஓடுது."

அம்மா கொஞ்ச நேரம் அந்தக் குழாயையே பார்த்தார். "ஓ, இங்கயும் தண்ணி பக்கத்து வீட்டுலேர்ந்துதானா. ஒழுங்கா வுடுறானா?" என்றார். டெல்டாக்காரி. விடுகிறார்கள் என்றேன். நம்பினாரோ இல்லையோ, ரயில் நின்றுவிட்டது.

8.30 ரயிலில் போவதில் ஒரு சிக்கல். ஒன்பது மணிக்கு நீங்கள் ஜேபியில் இருப்பீர்கள். ஆனால் நிலையத்தை ஒட்டிய சிட்டி ஸ்குவேர் கடைத்தொகுதி பத்து மணிக்குத்தான் விழிக்கும். கடைக்காகப் போகிறவர்கள் அடுத்த ரயிலில் போகலாம். எங்களுக்குப் பசியாறுவதுதான் முதல் வேலை என்பதால் கவலை இல்லை. மேம்பாலம் வழியாகக் கடைத்தொகுதிக்குள் நுழைந்து, கீழே இறங்கி ஜாலான் வோங் ஆ ஃபூக் சாலையைத் தாண்டினால் பழைய ஊர் தொடங்குகிறது. ஜாலான் உங்கு புவான் பக்கம் திரும்பினால் பூக்கட்டும் வாசனை, ஊதுபத்தி, துணிக்கடை வாசலில் தமிழ்ப் பாட்டு. ராஜ மாரியம்மன் கோயிலும் அங்கேதான். பக்கத்தில் ஒரு கடையில் தோசை, தே தாரிக். அம்மா தே தாரிக்கை ஒரு வாய் குடித்துவிட்டு, "டீயில பால் ஊத்தச் சொன்னா, பாயசத்துல டீ ஊத்தியிருக்கான்" என்றார். டம்ளரைக் காலி செய்துவிட்டுத்தான் சொன்னார் என்பதையும் பதிவு செய்கிறேன்.

நான் வழக்கமாக அந்தத் தெருவில் முடி வெட்டிக்கொள்வேன். சிங்கப்பூர்க்காரர்கள் ஜேபி போவதில் பாதிக் காரணம் முடிவெட்டு, கார் கழுவல், சாப்பாடு, மளிகை. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

அடுத்து அருள்மிகு ராஜகாளியம்மன் கண்ணாடிக் கோயில். ஜேபி சென்ட்ரலிலிருந்து நடந்தும் போகலாம், வெயிலில் வேண்டாம். கிராப் செயலியில் டாக்ஸி கூப்பிட்டால் சில ரிங்கிட்தான். சுவர், தூண், மேற்கூரை என்று எங்கே பார்த்தாலும் கண்ணாடிச் சில்லு. மூன்று லட்சம் துண்டுகள் என்று சொல்கிறார்கள். ஒரு சுவர் முழுக்க ருத்திராட்சம் பதித்திருக்கிறார்கள். நான் போன தடவை இதையெல்லாம் படம் எடுத்துவிட்டு வந்துவிட்டேன். அம்மா ஒரு தூணருகே போய், சில்லுகளுக்கு நடுவே இருந்த பூச்சை விரலால் தடவிப் பார்த்தார். ஓர் இடத்தில் கூடக் கூர்முனை விரலில் படவில்லை. "குழந்தைங்க கை வைக்கும்னு யோசிச்சு வேலை பார்த்திருக்கான்" என்றார். தாத்தா கொத்தனார், அதனால் அம்மாவுக்கு இந்தக் கண் உண்டு. பிறகு அண்ணாந்து பார்த்தார். ஒரே ஒரு அகல் எரிந்துகொண்டிருந்தது. அது மேலே நூறாக, ஆயிரமாக நடுங்கியது. ஒரு நிமிடம் கையைக் கூப்பியபடி அப்படியே நின்றார். எனக்குக் கண்ணாடிக் கோயில் என்றால் இனி அந்த ஒரு அகல்தான்.

மத்தியானம் வாழையிலைச் சாப்பாடு. கடை பெயர் வேண்டாம். குழம்பு நன்றாக இருந்தது, ரசம் வெறும் புளித்தண்ணீர். அப்புறம் ஜாலான் தான் ஹியோக் நீ தெருவில் ஹியாப் ஜூ பேக்கரி. 1919இலிருந்து விறகு அடுப்பில் சுடுகிறார்கள். வாழைப்பழக் கேக்குக்குத்தான் கூட்டம். பெட்டி சூடாகக் கையில் வரும்போது வாங்கினால்தான் அதன் அருமை தெரியும். மறுநாள் சாப்பிட்டால் சாதாரணக் கேக். இரண்டு பெட்டி வாங்கினோம். ஒன்று ரயில் ஏறும் முன்பே முடிந்துவிட்டது.

மாலை ரயிலுக்கு முன்பே எடுத்து வைத்த டிக்கெட். கீழே சாலையில் வழக்கம்போல வாகனங்கள் நகராமல் நின்றன. வீட்டுக்கு ஏழரைக்கு வந்து, அம்மா எட்டு மணி சீரியலைப் பார்த்தார். வேறென்ன வேண்டும்?

இந்த ரயிலுக்கு ஆயுள் அதிகமில்லை. பக்கத்திலேயே ஆர்டிஎஸ் என்ற புது மெட்ரோ ரயிலுக்கான பாலம் நிற்கிறது. உட்லண்ட்ஸ் நார்த்திலிருந்து ஜேபியின் புக்கிட் சாகருக்கு 4 கிலோமீட்டர், அதுவும் ஐந்து நிமிடம்தான். ஆனால் ஒரு மணி நேரத்தில் ஒரு திசையில் 10,000 பேர் வரை போகலாம். அது ஓடத் தொடங்கிய ஆறு மாதத்துக்குள் தெப்ராவை நிறுத்துவதாக இரு நாடுகளுக்கும் ஒப்பந்தம். டிக்கெட்டுக்கு அடித்துக்கொள்ளும் தொல்லை அதோடு தீரலாம். 5 வெள்ளிக்கு 5 ரிங்கிட் என்ற வேடிக்கை தொடருமா என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

இனி கப்பல். பாத்தாம் இந்தோனேசியாவில் உள்ள தீவு. சிங்கப்பூருக்குத் தெற்கே இருபது கிலோமீட்டர்தான் இருக்கும். ஹார்பர்ஃப்ரண்டிலிருந்தோ தானா மேராவிலிருந்தோ ஏறலாம். எம்ஆர்டியை விட்டு இறங்கி நடந்தே ஏற வேண்டுமென்றால் ஹார்பர்ஃப்ரண்ட். பயணம் சுமார் ஒரு மணி நேரம். 2023இல் நானும் மனைவியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம்.

செலவை முதலில் சொல்லிவிடுகிறேன். போக வர ஆளுக்கு எழுபது வெள்ளிக்கு மேல், முனையக் கட்டணம் எல்லாம் சேர்த்து. அதோடு, இந்திய பாஸ்போர்ட் என்பதால் அங்கே இறங்கியதும் விசா. ஐந்து லட்சம்! ரூபியாதான், பயப்பட வேண்டாம். ஆனாலும் அது அன்று நாற்பது வெள்ளியைத் தாண்டியது. அப்போது ஒரு பகல் சுற்றிவிட்டு வர அதே விசா, ஒரு மாதம் தங்கவும் அதே விசா. சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு இது கிடையாது, அவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். எங்களுக்கு ஆளுக்கு நூற்றுப் பத்து வெள்ளிக்கு மேல் கால் வைக்கும் முன்பே போய்விட்டது. கிளம்பும் முன் விசா விதியை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள், இந்தோனேசியா அதை அடிக்கடி மாற்றும்.

கப்பல் நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. பல நிறுவனங்கள் ஓட்டுகின்றன, யாருக்கும் ஒரு நாள் இப்படி ஆகலாம். ஒரு மணி நேரம் முன்னதாக வரச் சொன்னார்கள், வந்தோம். கப்பல் ஐம்பது நிமிடம் தாமதம். அதைச் சொல்ல ஒருவரும் வரவில்லை. கவுண்டரில் கேட்டால் "கொஞ்சம் பொறுங்கள்". கொஞ்சம் என்றால் எவ்வளவு என்றால் மறுபடி "கொஞ்சம் பொறுங்கள்". ஒரு நாள் பயணத்தில் ஐம்பது நிமிடம் என்பது ஒரு வேளைச் சாப்பாட்டு நேரம். அதை அந்தப் பையனிடம் சொல்லிப் பயனில்லை, அவனுக்கும் யாரோ சொன்னால்தானே தெரியும்.

ஏறியதும் எங்கே உட்காருவது என்பதில் என் தொழில் கொஞ்சம் உதவும். அலையில் கப்பல் முன்னும் பின்னும் சாய்ந்து ஆடும்போது, அதிகம் எழுந்து விழுவது மூக்குப் பக்கம். மேல்தளம் பக்கவாட்டில் அதிகம் ஆடும். தலைசுற்றல் வருகிறவர்கள் கீழ்த்தளத்தில், நடுவிலிருந்து சற்றுப் பின்னால் உட்காருங்கள். என்ஜின் சத்தம் கேட்கும், பரவாயில்லை, வாந்தி வராது. முன்வரிசை ஜன்னலுக்கு ஓடியவர்களில் இரண்டு பேர் பாதி வழியில் பையைத் தேடினார்கள். டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குப் பருவக்காற்று வீசும்போது இன்னும் ஆடும்.

எனக்கு அந்த ஒரு மணி நேரம் திருவிழா. சிங்கப்பூர் நீரிணையில் நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களை இவ்வளவு கிட்டத்தில் காசு கொடுத்துத்தான் பார்க்க முடியும். சரக்கு இறக்கிய கப்பல் மேலே எழும்பி நிற்கும், நீருக்குள் இருக்க வேண்டிய சிவப்புப் பெயின்ட் வெளியே தெரியும். சுமை ஏற்றியது கழுத்தளவு அமிழ்ந்திருக்கும். முகப்பில் எழுதிய ஆழக் குறி எண்களைப் படித்துக்கொண்டே போனேன். ஒரு எண்ணெய்க் கப்பலின் பக்கவாட்டில் புதுத்தகடு போட்டு ஒட்டிய சதுரம் அப்படியே தெரிந்தது, பெயின்ட் இன்னும் நிறம் சேரவில்லை. மனைவிக்குக் காட்டினேன்.

"ஞாயித்துக்கிழமையும் டூட்டியா? திரும்பி உட்காருங்க" என்றாள்.

பாத்தாம் சென்டர் முனையத்துக்குக் கப்பல் நெருங்கும்போது மலைச்சரிவில் பெரிய வெள்ளை எழுத்தில் 'வெல்கம் டு பாத்தாம்' தெரியும். இறங்கியதும் ஒரு மேம்பாலத்தில் சாலையைத் தாண்டினால் மெகா மால். வண்டியே வேண்டாம். அங்கிருந்து சற்றுத் தூரத்தில் மகா விஹாரா துத்தா மைத்ரேயா என்ற பெரிய புத்தக் கோயில் இருக்கிறது. வளாகத்துக்குள்ளேயே சைவச் சாப்பாட்டுக் கூடம் உண்டு. இந்தோனேசியாவில் நாள் முழுக்கச் சைவம் தேடி அலைய வேண்டுமே என்று பயந்திருந்த மனைவிக்கு அதுதான் பாத்தாமின் உச்சம். மற்றபடி வெளியே வாடகைக் கார்க்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள், செயலியில் கூப்பிடுங்கள். பாரேலாங் பாலம் பார்க்கலாம், ஆனால் போக வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் தின்றுவிடும். ஒரு நாளில் வேண்டாம். நாங்கள் அடுக்குக் கேக் வாங்கினோம், கால் தேய்த்து விடச் சொல்லிப் படுத்தோம், தேநீர் குடித்தோம்.

அங்கேதான் அந்தக் கூத்து நடந்தது. எங்கள் திரும்பும் கப்பல் 5.30க்கு. என் போனில் சார்ஜ் இல்லை. மனைவி கைக்கடிகாரத்தைப் பார்த்தவள், "என்னங்க, அஞ்சே கால்!" என்று எழுந்துவிட்டாள். தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு, கேக் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, மாலின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு, மேம்பாலம் ஏறி, இறங்கி ஓடினோம். மூச்சு வாங்கக் கவுண்டரில் டிக்கெட்டை நீட்டினேன். அந்தப் பெண் டிக்கெட்டைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள், ஒரு விரலைக் காட்டிச் சிரித்தாள். "சத்து ஜாம்." ஒரு மணி நேரம் இருக்கிறதாம். பாத்தாம் நேரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி பின்னால். மனைவியின் கடிகாரம் இன்னும் யீஷூனில்தான் இருந்தது. டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம் எப்போதுமே அது கிளம்பும் ஊரின் நேரம். இதைக் கிளம்புவதற்கு முந்தின நாள் நான்தான் அவளுக்கு விளக்கமாகச் சொல்லியிருந்தேன் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அந்த நேர வித்தியாசத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. போகும்போது ஒரு மணி லாபம், காலை எட்டரைக்கு ஏறினால் எட்டரைக்கே இறங்குவீர்கள். வரும்போது அது அப்படியே கழிந்துவிடும். ஐந்தரைக்கு ஏறினால் இங்கே ஏழரை. குடிநுழைவு, எம்ஆர்டி எல்லாம் சேர்த்து வீட்டுக்கு ஒன்பது. மறுநாள் வேலை இருந்தால் நான்கு மணியை ஒட்டிய கப்பலே போதும்.

மார்க் போடச் சொன்னால் ரயிலுக்குப் பத்துக்கு எட்டு. டிக்கெட் கிடைத்தால் என்பதைச் சேர்த்துப் படியுங்கள். குறைத்த இரண்டில் ஒன்று அந்த டிக்கெட் போராட்டத்துக்கு, இன்னொன்று காலையில் நம் பக்கத்திலிருந்து எட்டரைக்கு முன்னால் ரயில் இல்லாததற்கு. வயதானவர்களோடு, குழந்தைகளோடு ஜேபி போவதற்கு இதைவிட வசதி இன்றைக்கு இல்லை. கப்பலுக்கு ஆறு. கடல் பயணத்துக்கு மட்டும் என்றால் ஒன்பது போடுவேன். 2023இல் இந்திய பாஸ்போர்ட்டுக்கு நாங்கள் கொடுத்த விசாச் செலவு ஒரு பகலுக்குக் கட்டுப்படியாகவில்லை. ஓர் இரவு தங்குவதாக இருந்தால் போங்கள், அப்போது பாலத்தையும் பார்த்துவிடலாம்.

அம்மா ஊருக்குப் போய் இரண்டு மாதம் ஆகிறது. எதிர்வீட்டுக்காரர்களிடம் ரயிலில் மலேசியா போய்வந்ததாகச் சொன்னாராம், எத்தனை மணி நேரம் என்று கேட்டிருக்கிறார்கள். "அதை மட்டும் சொல்லலை" என்றார் போனில்.

அடுத்த மாதம் மச்சான் குடும்பத்தோடு வருகிறார், நான்கு பேர். திரும்பி வரும் டிக்கெட் எடுத்தாகிவிட்டது. போவதற்குத்தான் இன்னும் கிடைக்கவில்லை.